அம்பயர் இல்லாத ஆட்டம்

அஞ்சுகத்துக்குத் தொண்டை போயே போச்சு. கடற்கரை மணலில் குப்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒற்றை ஆளாக, தட்டு எறிந்து பிடிக்கும் அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆட்டம் சொல்லிக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? ஒத்தாசைக்கு ஆள் கேட்டு அவள் ஏறி இறங்காத கிளப் இல்லை. பெரிய கிளப் கேப்டன் கௌஷிக்கும் அவன் ஆட்களும் "ஞாயிறு வர்றோம்" என்பார்கள். வந்ததில்லை.

ஒருநாள் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் மொத்தப் பேரும் வந்தார்கள். அஞ்சுகம் மறுபடி கேட்டாள்.

"முதல்ல இதுங்க ஆட்ட நேர்மையைக் கத்துக்கட்டும். அப்புறம் ஆளுங்களை அனுப்புறேன்" என்றான் கௌஷிக்.

"அதையாவது சொல்லிக் குடுத்துட்டுப் போங்க சார்."

"இந்த ஆட்டத்துக்கு அம்பயர் கிடையாது. தப்பு பண்ணவன் தானே கையைத் தூக்கி ஒத்துக்கணும்."

அஞ்சுகம் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "வர்றேன்னு சொல்லிட்டு வராதவங்க யாரு?"

போன வாரம் காய்ச்சலில் கிடந்த சிறுமி பவுனு கையைத் தூக்கினாள். பின்னாலேயே இன்னும் சில சின்னக் கைகள். கிளப் ஆட்கள் மணலைப் பார்த்தார்கள்.

"எங்க பிள்ளைங்க கத்துக்கிட்டாங்க சார். ஆளுங்களை அனுப்புங்க."

கௌஷிக் வண்டியைக் கிளப்பினான்.

அடுத்த ஞாயிறும் எவனும் வரவில்லை. அஞ்சுகம் தனியாகத் தட்டைக் கையில் எடுத்தபோது பவுனு கேட்டாள்:

"அந்த அண்ணனுங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்கக்கா?"