ஒன்றரைச் சுற்று

சென்னியப்பன் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஐம்பத்தாறாவது வயதில் கார் வேலை கற்றுக்கொள்ளும் ஆசை வந்து, சிங்காநல்லூரில் கருணாம்பிகையின் பட்டறையில் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. ஓட்டம் கெடாமல் காரின் உயரத்தைக் குறைத்துத் தருவதில் அவளுக்கு ஊரில் பெயர் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை நிர்மல் என்பவர் வந்து, தன் காரை இரண்டு அங்குலம் தாழ்த்தித் தரச் சொன்னார். அதற்கென்றே செய்த ஸ்பிரிங் வர இரண்டு வாரம் ஆகும் என்றாள் கருணாம்பிகை.

மறுநாள் அவள் ஈரோடு போயிருந்தாள். நிர்மல் மறுபடியும் வந்தார்.

"ஞாயித்துக்கெழமை வால்பாறை போறோம்ங்க, பத்துப் பன்னெண்டு வண்டி. என்னோடது மட்டும் ஒட்டகமாட்டம் நிக்கும். இருக்கற ஸ்பிரிங்கையே கொஞ்சம் வெட்டி விட்ருங்களேன். எல்லாரும் அதத்தானே பண்றாங்க?"

சென்னியப்பனுக்கும் அது சரியென்றே பட்டது. நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒன்றரைச் சுற்று வெட்டி மாட்டினார். கீழே இறக்கியதும் கார் பதவிசாக உட்கார்ந்தது; டேப் வைத்து அளந்தபோது சரியாக இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. யாரும் பக்கத்தில் இல்லாமல் அவர் தனியாகச் செய்த முதல் வேலை அது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது சீட்டியடித்துக்கொண்டே போனார்.

சனிக்கிழமை காலையில் கருணாம்பிகை வந்ததும் விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் மாறவில்லை.

"வண்டி எங்கீங்ண்ணா?"

"அவரு வீட்டுலதானுங்க. நாளைக்குக் காலைல கெளம்பறாங்க."

"கூப்புடுங்க. ஒருக்காப் பாத்துட்டு அனுப்பீரலாம்."

பத்து மணிக்கு நிர்மல் காரோடு வந்தார். கருணாம்பிகை காரைச் சுற்றி நடந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா."

சென்னியப்பனுக்குத் தைரியம் வந்தது. "அப்புறம் எதுக்குங்க அம்மிணி ரெண்டு வாரம் காத்திருக்கோணும்? வெட்டுனாலும் தாழுது, புதுசு போட்டாலும் தாழுது. என்னங்க வித்தியாசம்?"

"லிஃப்ட்ல ஏத்துங்க," என்றாள் அவள்.

கார் மேலே போனது. சக்கரங்கள் தரையை விட்டுத் தொங்கின.

"பின்பக்க ஸ்பிரிங்கத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். ஆடியது. இரண்டு விரலால் இழுத்தார். ஸ்பிரிங் இருந்த இடத்திலிருந்து நழுவி, கையோடு வந்துவிட்டது.

நிர்மல் குனிந்து அதைப் பார்த்தார்.

"ஆனா ரோட்டுல ஓடறப்ப வண்டியோட எடை அத அமுக்கிப் புடிச்சுக்குமில்லீங்க?" என்று கேட்டார் நிர்மல்.

கருணாம்பிகை சென்னியப்பனைப் பார்த்தாள். சென்னியப்பன்தான் சொன்னார்.

"வளைவுல உள்பக்கச் சக்கரம் லேசாயிருமுங்க. அப்ப ஸ்பிரிங் இப்பிடியே நழுவீரும். வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி. நான் பஸ்ஸு ஓட்டுன ரோடு அது." அவர் நிர்மலின் பக்கம் திரும்பினார். "கூட யாரு வர்றாங்க?"

"சம்சாரமும் பாப்பாவும்."

சென்னியப்பன் ஸ்பிரிங்கைத் தரையில் வைத்தார்.

"தப்பு என்னோடதுங்க. முடியாதுன்னு சொல்லீருக்கோணும். இந்த வண்டில போகாதீங்க."

கருணாம்பிகை வெளியே போனாள். வாசலில் நின்றிருந்த தன் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். அதுவும் நிர்மலின் கார் வகைதான்; உயரம் குறைக்காதது.

"இதுல இருக்கற ஸ்பிரிங்கக் கழட்டி அவருக்கு மாட்டுங்க."

"உங்களுக்குங்க?"

"பஸ் ஓடுதில்ல."

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. ஞாயிறு மதியம் நிர்மல் மலையிலிருந்து ஒரு படம் அனுப்பினார். தாழ்வான கார்களின் வரிசையில் ஒரே ஒரு உயரமான கார். அதன் மேல் சாய்ந்து ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கருணாம்பிகை பஸ்ஸில் வந்து போனாள். வெட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

புது ஸ்பிரிங் வந்தது. நிர்மலின் காரில் சென்னியப்பனே மாட்டினார். இறக்குவதற்கு முன் நான்கையும் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. காரை இறக்கி, டேப் வைத்து அளந்தார். எழுந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"அம்மிணி, அன்னைக்கு நின்ன அதே உயரமுங்க. ஒரு நூல் கூட மாறல. நிக்கறதப் பாத்தா அதுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியலீங்களே?"

"தெரியாதுங்ண்ணா," என்றாள் கருணாம்பிகை. "எடை இருக்கற வரைக்கும் தெரியாது."