கிடைக்குள் போன ஊர்

கரட்டோடைப்பட்டி என்று ஓர் ஊர். எந்த மாவட்டம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த மாவட்டத்தார் கோபித்துக்கொள்வார்கள். இதைச் சொல்கிற எனக்கும் ரேஷன் அட்டை அந்த ஊரில்தான் இருக்கிறது. ஆகவே கதையில் எங்காவது புத்தி குறைவாகத் தெரிந்தால் அதில் என் பங்கும் உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு இருக்கிற ஒரே சொத்து ஒரு செம்மறி மந்தை. அதற்குத் தலைமை மேய்ப்பன் மாயழகு. ஊரில் யோசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். அந்த நேரமாகப் பார்த்து ஆடுகள் பக்கத்து ஊர் இருளப்பரின் கடலைக்காட்டுக்குள் இறங்கிவிடும். இப்படியே பல தடவை ஆகி, ஒருநாள் இருளப்பர் நேரில் வந்துவிட்டார்.

“ஏ மாயழகு, இனி ஒரே ஒரு ஆடு என் காட்டுல காலை வச்சாலும் மொத்த மந்தையையும் பத்திட்டுப் போயிருவேன். அப்புறம் ஊரே வந்து அழுதாலும் தர மாட்டேன்.”

மந்தை போனால் ஊரில் அடுப்பு எரியாது. அதைப் பறிகொடுத்தவன் என்ற பேரோடு தான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது என்று நினைத்து மாயழகு பயந்தே போனான். அப்போதுதான் மலைமேல் இருக்கும் பங்களாக்காரர் வீட்டைக் காலி செய்கிறார், ஆடு மடக்கும் சீமை நாய் ஒன்றை நல்ல கையில் ஒப்படைக்கப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு மலையேறினான்.

நாய்க்கு உடம்பெல்லாம் முழநீள முடி. முகம் எது, வால் எது என்று மாயழகுக்குப் பிடிபடவில்லை. ஒரு பிஸ்கட்டை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். சடையன் என்று அங்கேயே பேர் வைத்தான்.

பங்களாக்காரர் நிதானமாகச் சொல்லி அனுப்பினார். “தினமும் சிக்கெடுத்துச் சீவி விடணும். சீவி விடுறவங்களோடதான் ஒட்டும். எடுத்ததுமே மந்தைக்குள்ள விடாதீங்க, எதுவாவது முட்டினா மிரண்டுபோகும். சாதுவா நாலஞ்சை வச்சுப் பழக்குங்க. நல்லா செஞ்சா உடனே கைதட்டித் தின்ன ஏதாவது கொடுங்க. முக்கியமா, ஒண்ணைப் பழக்கிட்டு அதுக்கு மாறா நடக்காதீங்க. பாவம், குழம்பிடும்.”

மாயழகு ஒரு சொல் விடாமல் மனதில் முடிந்துகொண்டு வந்தான்.

சீவுகிறவர்களோடுதான் ஒட்டும் என்றதால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு ஒரு முறை என்று வரிசை கட்டிச் சீவினார்கள். ஒரு வீட்டில் நடுவகிடு எடுத்தால் அடுத்த வீட்டில் கோணவகிடு. மாயழகின் மனைவி சிட்டாள் எண்ணெய் தடவி இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டினாள். கடைசி வீட்டில் சீவி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். சடையன் அலுத்துப்போய்ப் படுத்துவிடும்.

அடுத்தது பழக்குவது. ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

“நம்ம மந்தையில சாது எது?” என்று கேட்டான் மாயழகு.

“அந்தச் செவலை ஆடு?” என்றாள் சிட்டாள்.

“அதுவா? போன மாசம்தான் என் முட்டியைப் பேத்துச்சு,” என்றான் அவள் தம்பி ஒச்சப்பன். சந்தேகம் கேட்பதில் அவனை அடிக்க ஆளில்லை. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு அவன் சொன்னான்: “மாமா, யோசிச்சுப் பார்த்தா நம்மளைவிடச் சாது யாரு இருக்கா? இருளப்பர் எத்தனை தடவை வந்து வஞ்சுட்டுப் போனாரு. ஒருத்தராச்சும் முட்டினோமா?”

கூட்டம் கலைந்து, ஆளாளுக்கு வீட்டில் கம்பளி தேடப் போனார்கள்.

மறுநாள் ஊரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு கைகாலை ஊன்றி மேய்ச்சல் தரையில் இறங்கியது. சடையனுக்கு உயிர் வந்தது. இடப்பக்கம் ஓடி, வலப்பக்கம் ஓடி, பின்தங்கியவர் குதிகாலைச் செல்லமாகக் கவ்வி, மொத்தப் பேரையும் ஆடு அடைக்கும் கிடைக்குள் கொண்டுபோய் அடைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தது. உள்ளே இருந்தபடியே எல்லாரும் கைதட்டினார்கள். ஒச்சப்பன் மடியிலிருந்து கருவாடு எடுத்துப் போட்டான். மாயழகுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி மந்தைக்குப் பயமில்லை என்று சந்தோஷப்பட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா, படலைத் திற, வீட்டுக்குப் போகலாம்,” என்றான் ஒச்சப்பன்.

சிட்டாள் எழுந்து மூங்கில் படலில் கை வைத்தாள். மாயழகு பதறிப்போய்த் தடுத்தான்.

“அது பார்த்துக்கிட்டு இருக்கு. ஆடு எங்கேயாவது படலைத் திறக்குமா? பழக்கினதுக்கு மாறா நடந்தா குழம்பிடும்னு சொல்லியிருக்காரு.”

“அப்போ?”

“அதுவா மேய்ச்சலுக்குப் பத்திட்டுப் போறப்போ போவோம்.”

கிடையில் இடமில்லாத ஆடுகள் சுற்றுமுற்றும் பார்த்தன. ஊரில் எல்லா வீடும் திறந்து கிடந்தது. உள்ளே போய்ப் பானையில் இருந்த கம்பங்கூழைக் குடித்துவிட்டு, ஆளுக்கொரு பாயில் படுத்துக்கொண்டன. கடலைக்காட்டு நினைப்பே அவற்றுக்கு வரவில்லை.

காலையில் சடையன் ஊரை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போனது. மேய்ச்சல் தரையில் புல் நன்றாகத்தான் இருந்தது; ஒச்சப்பன் கொஞ்சம் மென்று பார்த்துவிட்டுத் துப்பினான். ராத்திரிப் பட்டினி வேறு. யார் முதலில் நகர்ந்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் மொத்த ஊரும் இருளப்பரின் கடலைக்காட்டில் முட்டிபோட்டு, செடியைப் பிடுங்கி மண்ணை உதறிப் பச்சைக் கடலை தின்றுகொண்டிருந்தது.

இருளப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். “டேய் மாயழகு, என்னடா சொன்னேன் உன்கிட்ட?”

மாயழகு வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, பெருமை தாங்காமல் சொன்னான். “ஒரு ஆடு காலை வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்கய்யா. காடு பூராவும் பாருங்க. ஒரு குளம்புத் தடம் இருந்தா மந்தையைப் பத்திட்டுப் போங்க.”

இருளப்பர் காட்டைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து தேடினார். ஒரு தடமும் இல்லை. தேடிக்கொண்டே அவர் தனியாக ஒதுங்கிப் போவதைச் சடையன் பார்த்துவிட்டது.

இடப்பக்கம் ஓடியது, வலப்பக்கம் ஓடியது, குதிகாலைக் கவ்வியது. பொழுது சாய்வதற்குள் மொத்தப் பேரும் கிடைக்குள். இருளப்பருக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். சிட்டாள் மடியிலிருந்த கடலையில் ஒரு பிடி அள்ளி அவரிடம் நீட்டினாள். “கொறிங்கய்யா. உங்க கடலைதான்.”

இருளப்பர் கொஞ்ச நேரம் திட்டினார். கொஞ்ச நேரம் கொறித்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏம்ப்பா, அந்தப் படலைச் சும்மா தள்ளினாலே திறந்துருமே?”

“திறந்துரும்யா,” என்றான் மாயழகு. “ஆனா ஆடு திறக்குமா?”

இருளப்பர் கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தார்.

“திறக்காது,” என்று சொல்லிவிட்டு, ஒச்சப்பனின் கம்பளியில் பாதியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார்.