கந்தகம் சொல்லி முடிக்காத பேச்சு

இரும்புக்கும் கண்ணாடிக்கும் வாய் இருந்த காலம் அது. பிளாஸ்டிக் செய்கிற பிசினைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சரியான வாயாடி. பெரியபிசின், சின்னப்பிசின் என்று அக்காளும் தங்கையுமாக இருவர். எங்கே பார்த்துக்கொண்டாலும் ஒருத்தியை ஒருத்தி சுற்றி வளைத்துக் கட்டிக்கொண்ட பிறகுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

அவர்கள் ஊர்ச் சாயப்பட்டறையில் கொதிக்கும் அமிலத் தண்ணீரைப் பம்பு வைத்து இறைப்பார்கள். பம்புக்குள் சுழன்ற இரும்புச் சக்கரத்தை அமிலம் அரித்துத் தின்றுவிட்டது. "அமிலம் என்னைய ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சின்னவள் தானே சக்கரமாகி உள்ளே உட்கார்ந்தாள். அமிலத்தைத் தாங்கினாள். சூட்டைத்தான் மறந்துவிட்டாள்.

மதியத்துக்குள் பட்டறை மேஸ்திரி நாச்சிமுத்து பெரியவளிடம் ஓடி வந்தார்.

"உன் தங்கச்சி இளகிட்டா. விட்டா உருகியே போயிருவா. பம்பு நின்னா தொட்டி பொங்கி ஆளுங்க மேல கொட்டிரும். அவளை வெளிய எடுக்கோணும்னா வேற ஒருத்தர் உடனே அங்க உக்காரோணும்."

பெரியவளும் அதே பிசின்தானே? போனால் அவளும் உருகுவாள். அதனால் கந்தகத்தின் வீட்டுக்கு ஓடினாள். நாற்றம் என்று சொல்லி யாரும் கந்தகத்தை வாசலில்கூட நிற்க விட்டதில்லை. அவளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவள்தான்.

"என்கூட வர்றியா?" என்றாள்.

கந்தகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "வர்றேன். உன் உடம்பு வளையம் வளையமாக் கோத்ததுதானே, ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவுல உக்காந்துக்கறேன். கொதிதண்ணி உன்னை உருக்காது, அமிலம் கடிக்காது, தீப்பொறி பட்டாலும் பத்தாது. ஆனா ஒண்ணு கேட்டுக்க..."

"அங்க என் தங்கச்சி உருகறா, உனக்குப் பேச்சு வேறயா? ஏறு!"

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். கேட்கவில்லை.

மேஸ்திரி சட்டென்று சின்னவளை எடுத்துவிட்டுப் பெரியவளை வைத்தார். அவள் பொழுது சாயும்வரை சுழன்றாள், துளியும் இளகவில்லை. தொட்டி வற்றி அவள் வெளியே வந்ததும், ஆறித் தேறியிருந்த சின்னவள் "அக்கா!" என்று ஓடி வந்தாள். பெரியவள் எப்போதும்போல் வளைந்தாள்.

'டக்'கென்று இடுப்பில் விரிசல் விழுந்தது.

"இதைத்தான் சொல்ல வந்தேன்" என்று உள்ளிருந்து கந்தகம் அழுதது. "நான் உக்காந்தா நீ வளைய முடியாது. அதை முதல்ல சொன்னா என்னை விட்டுட்டுப் போயிருவியோன்னு பயம். என்னை யாரும் கூப்பிட்டதே இல்லையே."

"சரி, வெளிய வா."

"புடிச்சா விடத் தெரியாதே எனக்கு."

பக்கத்திலிருந்த கண்ணாடிதான் மனமிரங்கித் தன் இழைகளை உருவிக் கொடுத்து அவளை நிமிர்த்தி நிறுத்தியது. கட்டிக்கொள்ள வந்த கைகளோடு சின்னவள் அப்படியே நின்றாள்.

தங்கை இன்று குடமாகவும் வாளியாகவும் வீடு வீடாக வளைந்து கொடுத்து வாழ்கிறாள். அக்காளோ கார் எஞ்சினுக்குப் பக்கத்திலும், அமிலப் பம்பிலும், சூடேறும் விளக்கின் பிடியிலும் கிடக்கிறாள். பெரும்பாலும் கண்ணாடி இழை துணையில்லாமல் வேலைக்குப் போவதில்லை. கீழே விழுந்தால் மற்ற பிளாஸ்டிக் போலச் சத்தம் வராது, இரும்பு போல 'டங்' என்கிறாள். தங்கையைத்தான் கூப்பிடுகிறாள். அன்று கந்தகத்தின் பேச்சை அவள் பாதியில் நிறுத்தியதால் வந்த வினை, உடம்போடு குரலும் இறுகிப்போனது; அது அக்காளின் குரல் என்று தங்கைக்குத் தெரிவதில்லை.