முப்பத்தேழு முள்

கொளஞ்சியின் அறுநூறு வாத்துகளில் நானூறு ஒரே மாதத்தில் செத்தன. கழுத்தைத் தூக்க முடியாமல், நீராகக் கழிந்து, நின்ற இடத்திலேயே சாய்ந்தன.

அந்த மாதம்தான் வடக்கிலிருந்து காட்டு வாத்துகள் வந்து ஏரியில் இறங்கியிருந்தன. பிறகென்ன, அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அவர் வாய்க்குப் பயந்தே முட்டை வியாபாரிகள் அவர் சொன்ன விலைக்கு வந்துவிடுவார்கள். அந்த வாய் இப்போது பொழுதெல்லாம் பறவைகளைத் திட்டியது. பூச்சிமருந்தில் ஊறவைத்த நெல் ஒரு பை தயாரானது. கை தவறி வேறெதிலும் கலந்துவிடக் கூடாதென்று பையின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டினார்.

ஊரில் நாலு பேர் தடுத்தார்கள். காட்டு வாத்துதான் கொன்றது என்று காட்டு, நாங்களே வந்து தூவுகிறோம் என்றார்கள்.

செத்த தன் வாத்து ஒன்று, கண்ணி வைத்துப் பிடித்துக் கொன்ற ஊசிவால் காட்டு வாத்து ஒன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டு ரமீஜாவிடம் போனார். ஏரிக்கரைத் தகரக் கொட்டகையில் பறவைக் குடலில் புழு தேடுகிறவள். அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஊர் அவளைப் புழு டீச்சர் என்றது. அந்தப் பேரை வைத்ததே கொளஞ்சிதான்.

"ரெண்டு வயித்துலயும் ஒரே புழுவா, இல்லையா? பேரைச் சொல்லு, நான் போறேன்."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்கண்ணே. உக்காந்து நீங்களே பாருங்க."

குடலைக் கீறிக் காட்டினாள். நகத்துண்டு போல, தட்டையாக, புழுக்கள் உயிரோடு நெளிந்தன. கொளஞ்சி நாலைந்தைக் கிள்ளி ஸ்பிரிட்டில் போட்டார். எல்லாம் சுருண்டு உருண்டையாகிப் போயின. ரமீஜா அவற்றைக் கீழே ஊற்றினாள்.

"ஏன் கொட்டுற?"

"பயந்து சுருண்டதுகிட்ட பேர் கேட்டா சொல்லாதுண்ணே."

அடுத்ததைப் பச்சைத் தண்ணீரில் விடச் சொன்னாள். அது தானாக நீளும்வரை தொடக் கூடாதாம். கொளஞ்சி பிறந்ததிலிருந்து ஒரு மணி நேரம் வாயை மூடி உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தார். நீண்டதைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, நோகாமல் மூடி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வாயைச் சுற்றிச் சட்டைக் காலர் மாதிரி ஒரு வளையம். அதில் வரிசையாக முள். முள்ளின் எண்ணிக்கைதான் பேரைச் சொல்லும் என்றாள்.

காட்டு வாத்தின் புழுவில் முப்பத்தேழு. தன் வாத்தின் புழுவில் முப்பத்துநாலு.

"மூணுதானே குறையுது. முப்பத்தேழுன்னு வச்சுக்க, டீச்சரம்மா."

"திரும்ப எண்ணுங்க."

மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. மூன்று முள் மடிப்புக்குள் ஒளிந்திருந்தன. முப்பத்தேழேதான்.

கொளஞ்சி எழுந்துவிட்டார். நானூறு உயிருக்கும் இன்று சாயங்காலமே பதில் சொல்லிவிடுகிறேன் என்று நெல் பை தொங்கிய சைக்கிளைப் பார்த்து நடந்தார்.

"அது வயித்துல இருந்தது இது வயித்துக்கு எப்படிப் போச்சு?" என்று ரமீஜா கேட்டாள்.

தண்ணீர் வழியாகப் போயிருக்கும், எச்சம் வழியாகப் போயிருக்கும், எந்த வழியானால் என்ன என்று எரிந்து விழுந்தார். அவர் சைக்கிளின் மறுபக்கம் தொங்கிய ஈரக் கோணியைக் காட்டி, அது என்ன என்றாள். வாத்துத் தீனி என்றார். இடுப்புத் தண்ணீரில் இறங்கி, விடியக்காலையில் அவரே அள்ளிய ஏரி நத்தை.

ரமீஜா அதில் ஒன்றை எடுத்து உடைத்து, சதையைக் கிள்ளிச் சில்லில் வைத்தாள்.

கொளஞ்சி குனிந்தார். சதைக்குள் முத்து முத்தாக உருண்டைகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு குட்டிப் புழு மடங்கிக் கிடந்தது. வாயைச் சுற்றிக் காலர்.

காட்டு வாத்தின் எச்சத்தில் முட்டை, முட்டையிலிருந்து நத்தைக்கு என்று அவள் சொன்னாள். அதுவரைதான் சொன்னாள். நத்தை நடந்து போய் எந்த வாத்தின் வாயிலும் விழுவதில்லை என்பது கொளஞ்சிக்கே தெரியும்.

எண்ண வேண்டியதில்லை என்றாள். அவர் எண்ணினார். மடிப்பு உட்பட எண்ணினார்.

முப்பத்தேழு வந்ததும் தலையை நிமிர்த்தினார்.

"தளந்து நின்னதுக்கெல்லாம், தேறட்டும்னு, ரெண்டு பிடி கூடப் போட்டேன்."

ரமீஜா எழுந்து சைக்கிளிடம் போனாள். நெல் பையில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியைப் பழையபடி கட்டினாள். மறு பாதியை நத்தைக் கோணியில் கட்டினாள்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் திரும்பி வந்ததும் கேட்டார். சந்தையில் யாரும் கேட்டிராத குரல்.

"இன்னும் இருநூறு இருக்கும்மா. அதாவது பொழைக்குமா?"

"இன்னைக்குக் காலையில என்ன போட்டீங்கண்ணே?"