விழுந்த கதிர்

கொற்றங்குடி அரசர் வீரபூபதிக்குக் கோபம் வந்தால் உடனே ஒரு ஆணை போடுவார். அந்தக் கோபம் தணிவதற்குள் ஆணையைக் கல்லில் வெட்டி நட்டுவிடுவார்கள். அந்த நாட்டுக்கு வேறு பெரிய தொல்லை எதுவும் இல்லை.

அரண்மனை வயல் வரப்பிலும் அப்படி ஒரு கல் இருந்தது. "அரண்மனை நிலத்தில் விழும் கதிர் யாவும் அரசருக்கே. எடுப்பவர் குடும்பத்தோடு நாடு நீங்க வேண்டும்."

அறுவடை முடிந்ததும் களஞ்சிய அதிகாரி பரமகுருநாதர் ஒரு பெண்ணைச் சபைக்கு இழுத்து வந்தார். பெயர் மூக்காயி. அறுத்த வயலில் சிதறிக் கிடந்த நெற்கதிரைப் பொறுக்கி மடியில் கட்டியிருந்தாள்.

"பிள்ளைங்க கஞ்சிக்கு எடுத்தேன், மகராசா. நான் எடுக்காட்டி எலி எடுத்துட்டுப் போவும்" என்றாள்.

"எலிக்குக் கல்வெட்டு வாசிக்கத் தெரியாது" என்றார் பரமகுருநாதர்.

"எனக்கும் தெரியாதுங்க."

அரசருக்கு மனம் இளகிவிட்டது. அதிகாரி அதைக் கவனித்துவிட்டார்.

"மன்னா, அது தங்கள் சொல். இன்று ஒரு சொல்லை வளைத்தால் நாளை எந்தச் சொல்லும் நிமிர்ந்து நிற்காது."

அரசர் பெருமூச்சு விட்டார். ஒரு மடி நெல்லுக்காக ஒரு குடும்பத்தை விரட்ட மனமில்லை. சொன்ன சொல்லை விழுங்கவும் வழியில்லை.

சபையிலிருந்த விகடப் புலவர் தெய்வச்சிலை இதில் தலையிட வேண்டாம் என்றுதான் நினைத்தார். போன முறை அரச ஆணைக்குக் குறுக்கே பேசியதற்கு, யானைக் கொட்டடியில் லத்தி அள்ளியவர் அவர். அந்த வாடை இன்னும் போகவில்லை என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் மூக்காயியின் முகத்தைப் பார்த்தபின் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார்.

"அதிகாரி சொல்வதே சரி. சொல்லில் ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது."

'பாவி, நீயுமா?' என்பது போல மூக்காயி பார்த்தாள். அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒரு சந்தேகம், ஐயா" என்றார் புலவர். "கல்லில் நெற்கதிர் என்றா இருக்கிறது?"

"இல்லை. கதிர் என்று இருக்கிறது."

"அப்படியானால் சோளக்கதிர்? கம்பங்கதிர்?"

"கதிர் என்றால் கதிர்தான், புலவரே! எந்தக் கதிராக இருந்தால் என்ன?"

தெய்வச்சிலை அரசரைக் கும்பிட்டார்.

"மன்னா, இன்னொரு திருட்டும் நடந்துகொண்டிருக்கிறது. அரண்மனைக் களத்தில் காலையிலிருந்து சூரியக் கதிர் விழுகிறது. அதை ஒரு வீட்டார் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாய் பாயாக வடகம் காய்கிறது."

"யார் வீட்டு வடகம்?"

"எனக்குத் தெரியாது, மன்னா. காக்கை ஓட்டிக்கொண்டிருந்த அம்மாளை எல்லாரும் 'அதிகாரியம்மா' என்றார்கள்."

பரமகுருநாதர் துள்ளி எழுந்தார்.

"அது வெயில்! நாங்களா வெட்டி எடுத்தோம்? தானாக விழுந்தது! வீணாய்ப் போகிறதை எடுத்துக்கொண்டால் அரசருக்கு என்ன குறைந்துபோயிற்று?"

சபையில் எல்லாரும் மூக்காயியின் மடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூக்காயிக்காக இதைவிட நன்றாக என்னால் வாதாட முடியாது" என்று சொல்லிவிட்டுத் தெய்வச்சிலை உட்கார்ந்துகொண்டார்.

அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பினூடே தீர்ப்பும் வந்தது.

"அதிகாரி வாக்கே தீர்ப்பு! தானாக விழுந்தது எடுத்தவருக்கே. நீ போகலாம், அம்மா."

சொல்லிவிட்டு மறுபடியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தலைப்பாகை ஆடியது. அதில் தொங்கிய முத்து கழன்று படியில் உருண்டு, மூக்காயியின் காலடியில் வந்து நின்றது. அவள் வயலில் குனிவது போலவே குனிந்து அதை எடுத்து, நெல்லோடு சேர்த்து மடியில் முடிந்துகொண்டாள்.

அரசரின் சிரிப்பு நின்றது.

"அம்மா, அது என் முத்து."

சொல்லிக்கொண்டே அவர் புலவரைப் பார்த்தார். புலவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூக்காயி இரு கையும் கூப்பினாள்.

"தானா விழுந்துச்சுங்க, மகராசா."