குறுக்கே கிடந்த மூலக்கூறு

"என் பெயரை எடுத்துடுங்க, மேடம்" என்றார் சவரிராயன்.

கையில் விலகல் கடிதம். அவருக்கு வயது அறுபத்து மூன்று. பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்.

அவருடைய நெறியாளர் ஷமீமாவுக்கு முப்பத்து மூன்று.

"என்ன ஆச்சு, சார்?"

"மூணு வருஷம் ஆச்சு. நீலமா ஒளிர்ற மூலக்கூறையும் ஆரஞ்சா ஒளிர்றதையும் நடுவுல ஒரு பாலம் போட்டுக் கோத்தேன். விளக்கு வெளிச்சம் பட்டதும் நீலம் வாங்கின ஆற்றல் ஆரஞ்சுக்குப் போகணும். போகவே மாட்டேங்குது. நீலம் மட்டும்தான் ஒளிருது."

"தூரம்?"

"சரியா இருக்கு. நிறமும் பொருந்துது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு. எனக்குத்தான் வயசாயிடுச்சு."

ஷமீமா கடிதத்தை வாங்கவில்லை. மேசையில் இருந்த, அவருடைய மூலக்கூறின் உருண்டை-குச்சி மாதிரியை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். மெல்லத் திருப்பினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

சவரிராயன் பார்த்தார்.

நீலம் நெடுக்காக நின்றது. ஆரஞ்சு அதற்குக் குறுக்கே கிடந்தது, கூட்டல் குறி மாதிரி.

"பக்கத்துல இருந்தா போதும்னு நெனச்சேன். இப்படிக் குறுக்கே கிடந்தா ஆற்றல் தாண்டாதே" என்றார். பிறகு, "நான் போட்ட பாலம்தான் இப்படித் திருப்பி வச்சிருக்கு."

ஷமீமா மாதிரியை அவர் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பாலத்தை மாற்ற ஐந்து மாதம் பிடித்தது. இரண்டு முறை குடுவையில் கருப்புப் பிசின்தான் மிஞ்சியது. மூன்றாம் முறை கொஞ்சம் பொடி கிடைத்தது. கரைத்து, இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, புறஊதா விளக்கைப் போட்டார்.

நீலம் மங்கிவிட்டது. குப்பி முழுக்க ஆரஞ்சு.

பெட்டியின் துவாரத்தில் வைத்த கண்ணை எடுக்காமலே அழுதார்.

ஆய்வேடு முடிந்ததும் நன்றியுரையைக் கொண்டுபோய் நீட்டினார். நான்கு பக்கம். நான்கிலும் ஷமீமாதான்.

"இவ்வளவும் நீங்க கொடுத்தது, மேடம்."

ஷமீமா படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் எழுந்து நின்றார்.

"நீங்க சேர்ந்த வருஷம், நான் புது ஆளுன்னு என்கிட்ட ஆய்வுக்கு ஒருத்தரும் வரலை, சார். தனியா லேப்ல உட்கார்ந்திருப்பேன். வேலையே வேண்டாம், ஊருக்குப் போயிடலாம்னு பெட்டிகூடக் கட்டிட்டேன்."

ஷமீமா தாள்களை மேசையில் வைத்தார்.

"அன்னைக்குக் காலையிலதான் நீங்க வந்து கதவைத் தட்டினீங்க."