வின்னிபெக் மண்

"அம்மா, யாகுட்ஸ்க்னு ஒரு ஊரு. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

திருமேனி இப்படித்தான் ஆரம்பித்தார். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் ஆத்மா எங்கே, முக்தி எப்போது என்று ஆரம்பிப்பது வழக்கம். இவர் சைபீரியாவில் ஆரம்பித்தார்.

நிறைமதி அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடராக வந்தவருக்கோ அறுபது தாண்டிவிட்டது. தரங்கம்பாடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்திருக்கும் அந்தச் சின்ன ஆசிரமத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"இல்லியே. சொல்லுங்க."

"ஜனவரில மைனஸ் நாற்பது. ஜூலைல வெயில் முப்பதைத் தாண்டும். ரெண்டும் ஒரே ஊர்ல!"

"அடேயப்பா! அந்தக் குளிர்ல துணி காயுமா?"

திருமேனி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கனடாவில் வானிலை ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்றவர் அவர். உலகத்தின் குளிர்காலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அவருடைய பிழைப்பாக இருந்தது. எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறார். துணியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

"காயும்மா. முதல்ல விறைச்சு அப்பளம் மாதிரி ஆயிடும். அப்புறம் அந்தப் பனி அப்படியே காத்தோட போயிடும்."

"நல்லா இருக்கே!" அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னும் சொல்லுங்க."

கேட்பதற்கு ஆள் கிடைத்துவிட்டால் திருமேனியைப் பிடிக்க முடியாது.

"நார்வேல பெர்கன்னு ஒரு ஊரு. அதுவும் கிட்டத்தட்ட அதே வடக்குதான். அங்க ஜனவரில குடை பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. வெறும் மழை."

"ஏன் அப்படி?"

"பக்கத்துல கடல்."

"ஓஹோ."

"எங்க நாட்டையே எடுத்துக்குங்க. வான்கூவரும் வின்னிபெக்கும் ஏறக்குறைய ஒரே கோட்டுல இருக்கு. ஒரே சூரியன்தான். வான்கூவர் கடலோரம், அங்க பச்சைப் புல்லு. நாங்க இருக்கிற வின்னிபெக் கண்டத்துக்கு நட்டநடுவுல. வாசல்ல கால் வெச்சா மூக்குக்குள்ள முடி உறையும்."

அம்மா சிரித்தார். திருமேனி சிரிக்கவில்லை.

"என் மனசு வின்னிபெக்மா. கோபம் வந்தா கொதிக்கும். அடங்கினா ஒரேயடியா உறைஞ்சுடும். நாள்கணக்கா யாரோடயும் பேச மாட்டேன். இதோட என்னால வாழ முடியல. இந்தக் கடற்கரைல மார்கழிக்கும் சித்திரைக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. இங்கயே இருந்துடறேன். என் மண்ணைக் கரைச்சுடுங்க."

மண் என்றதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் தன் வீட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டுவர வேண்டும். அது ஒரு சட்டியில் மதில்மேல் இருக்கும். ஊர் திரும்புகிறவர் எடுத்துக்கொண்டு போவார். இனி வீடு வேண்டாம் என்கிறவருடைய மண்ணைப் பௌர்ணமியன்று கடலில் கரைத்துவிடுவார்கள். கரைத்தது கரைத்ததுதான்.

திருமேனி தன் தோட்டத்துக் கறுப்பு மண்ணைச் சத்துமாவு டப்பாவில் அடைத்து, விமான நிலையத்தில் வியர்த்து வழிந்தபடி கொண்டுவந்திருந்தார். சட்டப்படி அது தப்பு. ஞானம் தேடப் புறப்பட்டவர் அதையெல்லாம் பார்ப்பாரா?

"வீட்ல சொல்லிட்டீங்களா?" என்றார் அம்மா.

"சொல்லிட்டேன். அமிர்தவல்லி 'உங்க இஷ்டம்'னுட்டா."

"அப்படியா?"

"ஆமாம்மா. சம்மதம்தான்."

ஒரு மனைவி 'உங்க இஷ்டம்' என்றால் என்ன பொருள் என்பது குடித்தனம் செய்த எந்த ஆணுக்கும் தெரியும். திருமேனி அறிவியலாளர்.

"பௌர்ணமி வரட்டும், பாக்கலாம்" என்று அம்மா மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

ஞாயிறுதோறும் மாலையில் திருமேனி வீட்டுக்குப் போன் செய்வார். அங்கே அப்போது காலை. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான்: "அங்க எவ்வளவு?" அமிர்தவல்லி சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்த்துச் சொல்வார். திருமேனி "ஓ" என்பார். பிறகு அவர் இங்கத்து வெயிலைச் சொல்லுவார். பேச்சு முடிந்துவிடும்.

பௌர்ணமி நெருங்கும் நேரத்தில் ஒருநாள் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது.

சமையல் பார்க்கும் வேலாயுதத்தைத் திருமேனி போட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இலையை மடித்துவிட்டு எழுந்தார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒருவரோடும் பேசவில்லை.

கடைசியில் அவரே வெட்கப்பட்டுக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"கடல் பக்கத்துலதானே இருக்கேன். ஏம்மா மாறல?"

அம்மா எழுந்து மதில் பக்கம் போனார். நல்ல உச்சி வெயில்.

"உங்க சட்டிதானே இது? மண்ணைத் தொடுங்க."

தொட்டார். சுரீரென்றது. கையை உதறிக்கொண்டார்.

"நாளைக்கு விடியறப்ப வந்து தொடுங்க."

விடியற்காலையில் தொட்டார். சில்லென்றிருந்தது.

"இது பள்ளிக்கூடப் பாடம்மா" என்றார் கொஞ்சம் வருத்தத்தோடு. "மண்ணு சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். தண்ணி அப்படி இல்ல. நானே பாடம் எடுத்திருக்கேன்."

"அப்படியா? எனக்குத் தெரியாதே" என்றார் அம்மா. கிண்டலா நிஜமா என்று திருமேனிக்கு விளங்கவில்லை.

அம்மா வேலாயுதத்தைக் கூப்பிட்டு, கல்யாணத்துக்குச் சாதம் வடிக்கிற பெரிய அண்டாவைக் கொண்டுவரச் சொன்னார். திருமேனியையே கிணற்றில் இறைத்து ஊற்றச் சொன்னார். தண்ணீர் குளிர்ந்திருந்தது. விளிம்பு மட்டும் வெளியே தெரிய, அம்மா மண்சட்டியை அந்தத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தார். அண்டா நாளெல்லாம் வெயிலில் இருந்தது.

சாயங்காலம் வேலாயுதம் கருப்பட்டிக் காபி கொண்டுவந்தார். திருமேனிக்குத்தான் முதலில் கொடுத்தார். திருமேனியால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மண்ணைத் தொடுங்க" என்றார் அம்மா.

திருமேனி தொட்டார். சுடவில்லை. விரலை ஆழமாக விட்டுப் பார்த்தார். உள்ளேயும் இதமாகத்தான் இருந்தது.

"மண்ணு மாறிடுச்சா?"

"இல்லம்மா. அதே வின்னிபெக் மண்ணுதான்."

"வெயிலு?"

"அதே வெயிலு."

"அப்புறம்?"

"பக்கத்துல தண்ணி இருக்கு. மண்ணோட சூட்டை அது..." திருமேனி முகம் மலர்ந்தது. "புரிஞ்சுடுச்சும்மா! நான் வேலைல இருந்தப்ப ஆபீஸ்ல தினமும் சண்டைதான். ஆனா வீட்டுக்கு வந்து அமிர்தவல்லி கையால ஒரு காபி குடிச்சா ஆறிடும். அவ ஒண்ணுமே பேச மாட்டா. நான்தான் கத்திக்கிட்டே இருப்பேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடும். ராத்திரி நல்லாத் தூங்குவேன். அவதான் என் தண்ணி! அவளை விட்டுட்டு வந்துட்டு இங்க கடலைத் தேடறேன் பாருங்க!"

சிரித்துக்கொண்டே சட்டியைத் தூக்கப் போனார். "கரைக்க வேண்டாம்மா. நான் ஊருக்குக் கெளம்பறேன்."

"கெளம்பலாம்" என்றார் அம்மா. "தண்ணியைத் தொட்டீங்களா?"

"தண்ணியையா?"

"காலைல நீங்கதானே இறைச்சு ஊத்தினீங்க?"

திருமேனி அண்டாவுக்குள் கையை விட்டார்.

காலையில் சில்லென்றிருந்த தண்ணீர் சூடேறியிருந்தது.

அவர் கையை எடுக்கவில்லை. முப்பது வருஷம் குளிர்காலங்களை ஒப்பிட்டவர். சூடு எங்கேயும் காணாமல் போவதில்லை என்று மாணவர்களிடம் சொன்னவர். அந்த அண்டாவின் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்கள் நிறைந்துவிட்டன.

அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இருட்டத் தொடங்கியபோது திருமேனி போனை எடுத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"மைனஸ் இருபத்தெட்டு" என்றது அமிர்தவல்லியின் குரல். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"அதைக் கேக்கலம்மா."

"பின்ன?"

"உனக்கு எப்படி இருக்கு?"

 வின்னிபெக்கில் அடுப்பு மேல் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அடுப்பை அணைக்கும் சத்தம். ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம்.

"இன்னொரு தடவை கேளுங்க" என்றார் அமிர்தவல்லி.